புகார் வராத சரக்கு

அந்தக் கம்பெனியில் அவருக்குக் "கொசுறு" என்றுதான் பெயர். சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளை வாங்குகிறவர்களுக்கு, அவர் எழுதிய 'கேஷ்' என்ற இடைச்சேமிப்பு நிரலைச் சும்மா சேர்த்துக் கொடுப்பார்கள்; அதில் ஒட்டிக்கொண்ட பட்டம். ஒருவர் இணையத்தில் கேட்ட பக்கத்தை அந்த நிரல் பிரதி எடுத்து அருகிலேயே வைத்திருக்கும். அடுத்தவர் கேட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்து நீட்டும். பதினோரு வருஷம் அதுவே அவர் பிழைப்பு.

"நீங்க செய்யறது யார் கண்ணுக்கும் படாதே" என்றாள் மனைவி ஒருமுறை.

"கண்ணுல பட்டா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

ஆபீஸில் ஒரு வினோத வழக்கம். எந்தச் சரக்குக்குப் புகார் போன் அதிகமோ, அதைத்தான் ஜனங்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வார்கள். சம்பள மென்பொருளுக்கு நாளெல்லாம் போன் அலறும். இவருடைய சரக்குக்கான புகார்த் தாள் வெள்ளையாகவே கிடக்கும். வியாபாரம் படுத்தபோது முதலாளி அந்த வெள்ளைத் தாளைத்தான் தூக்கிக் காட்டினார்.

"ஒருத்தனும் சீந்தலையேய்யா. மாசக் கடைசியோட மூடிரலாம்."

"வலிக்கலை சார், அதான் கத்தலை."

"வசனத்தை வெச்சு நான் எதை விக்கிறது?"

விற்பனைக்காரர் காதைக் கடித்தார். "அண்ணே, ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்க. போன் பிச்சுக்கும். முதலாளி தானா வழிக்கு வருவாரு."

நிறுத்தும் கட்டளையை இவர் அடித்தும் விட்டார். ஒரு பொத்தான்தான் பாக்கி. யார் எந்தப் பக்கம் கேட்கிறார்கள் என்று திரையில் ஓடிய வரிகளில் பாதி ஓர் ஆஸ்பத்திரியுடையவை. மருந்து அளவு சொல்லும் பக்கங்களை நர்ஸுகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்தார்கள். அடித்ததை அழித்தார்.

"என்னண்ணே, பயமா?"

"ஆமான்னு வெச்சுக்க."

மூடப்போவதாக வாங்கியவர்கள் எல்லோருக்கும் கடிதம் போனது. ஒருவரும் பதில் போடவில்லை. மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். "கேஷா? எங்ககிட்ட அப்படி ஒண்ணும் இல்லையே" என்று வைத்துவிட்டார் குமாஸ்தா.

மாசக் கடைசியில் அவர் கையாலேயே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டு, வேலையும் போய், வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் விற்பனைக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணே, போன் ஓயலை. ஆஸ்பத்திரிக்காரங்க என்ன விலைன்னாலும் தர்றாங்களாம். இன்னும் நாப்பது பேர் கேட்டாச்சு. உங்ககிட்ட நிரல் இருக்குமே?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாரு முதலாளி. போட்டேன்."

விற்பனைக்காரர் போனை வைக்கப் போனார்.

"நர்ஸுங்க என்ன பண்றாங்க?" என்று இவர் கேட்டார்.

"பக்கம் திறக்கக் காத்துக்கிட்டு நிக்கறாங்கண்ணே."