நூற்றெட்டு எம் எழுத்துகள்

பகல் இரண்டு மணிக்கு மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தால் கண் தானாகச் சொக்கும். பாத்தியை அடுத்துப் பாத்தி, எல்லாம் ஒரே வெள்ளை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதைப் பார்த்த சன்னலோரம் உட்கார்ந்து, பாண்டிச்சேரி கம்பெனி ஒன்றுக்கு டெக் என்ற மென்பொருளில் புத்தகப் பக்கங்களை அமைத்துக் கொடுப்பது என் வேலை. அரைத்தூக்கத்திலும் நடக்கும்.

அப்படியொரு மதியம் அக்கா வந்தாள். அவளுடைய ஐந்து வயது மகளுக்கு மறுநாள் பாண்டிச்சேரியில் இதய ஆபரேஷன். மாமா பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். இவள் மாற்றுத்துணி எடுத்துப்போக ஊருக்கு வந்திருந்தாள்.

"நூத்தியெட்டு ஸ்ரீராமஜெயம் எழுதி ஆஞ்சநேயர் கால்ல வெக்கிறேன்னு வேண்டிக்கினேன்டா. கையப் பாரு, பேனா புடிக்க முடியல. நீ எழுதிக் குடு."

உப்பு வாரி வாரி விரலெல்லாம் வெடித்திருந்தது. பாவமாக இருந்தது. ஆனால் நூற்றெட்டு முறை எழுதுகிற ஆளா நான்? சோம்பேறித்தனத்துக்குப் படித்தவன் வைத்த பெயர்தான் மேக்ரோ. ஒருமுறை சொல்லிவைத்தால் கேட்கும்போதெல்லாம் அதுவே எழுதும். அதில் எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. ரோமன் எண்ணில் ஆயிரத்துக்கு எம் என்ற எழுத்து. ஒரு லட்சத்து எட்டாயிரத்தை ரோமனில் எழுதச் சொன்னால், டெக் வேறு வழி தெரியாமல் நூற்றெட்டு எம் போட்டுவிடும். ஒவ்வொரு எம்மையும் ஸ்ரீராமஜெயமாக மாற்றச் சொன்னால் தீர்ந்தது வேலை. எம் எம்மாக உள்ளே ஓடுவதை நினைத்துச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பிரிண்டரிலிருந்து வந்த தாளை அக்கா வெளிச்சத்தில் பிடித்தாள். "எப்பா, எல்லாம் ஒரே மாதிரி இருக்குது!" எனக்குப் பெருமை. அடுத்துக் கேட்டாள்: "ஒவ்வொரு தடவையும் பாப்பாவ நெனச்சிக்கினியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு தடவதான்க்கா அடிச்சேன். மிச்சத்த அதுவே போட்டுச்சி." அந்த ஒரு தடவையும் எம் எழுத்தைத்தான் நினைத்தேன் என்பதைச் சொல்லவில்லை.

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் என் பேனாவை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே செருகி, அச்சடித்த எழுத்தின் மேலேயே எழுதத் தொடங்கினாள். மை நடுங்கி நடுங்கிப் போனது. ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

இன்னொரு பேனாவை எடுத்து, தாளின் கடைசியிலிருந்து மேல்நோக்கி எழுதி வந்தேன். முதல் பத்தையும் கை சும்மா எழுதியது. அப்புறம் பாப்பா நினைப்பில் வந்தாள். மூச்சு வாங்க மடியில் ஏறி, கீபோர்டில் ஒரே எழுத்தை அழுத்திப் பிடித்து, அது திரை நிறைய ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பாள். "கைய எடு" என்று விரட்டுவேன். பதினொன்றாவதில் அந்தச் சிரிப்பு. பன்னிரண்டாவதிலும் அதே சிரிப்பு. கண் கலங்கியதில் பாத்திகளும் எழுத்தும் ஒன்றாகத் தெரிந்தன.

தாளின் நடுவில் எங்கள் பேனாக்கள் முட்டிக்கொண்டன. அக்கா தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

பாப்பா பிழைத்தது டாக்டர் கையால் என்று இன்றைக்கும் அக்காவோடு சண்டைக்கு நிற்பேன். பாப்பா இப்போது மூச்சு வாங்காமல் மடியில் ஏறுகிறாள். அதே எழுத்தை அழுத்திப் பிடிக்கிறாள். கையை எடு என்று நான் சொல்வதில்லை.