நாலு தமிழரால் தூக்க முடியாத கல்

லாங்கன்தால் நகரில் காலை வேலை முடிகிற நேரம். தொழிற்சாலைத் தொலைபேசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “ஐஸ் அளக்கிற குலம் அண்ணை போயிட்டார். நெஞ்சு வலியாம்.” அவ்வளவுதான் செய்தி. மலை ஹோட்டலில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவியவர். நம்மவர்கள் அவரை அறிந்தது இந்தப் பெயரால்தான்.

அந்தப் பெயர் வந்த விதம் இங்கே கூடியிருக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். இலையுதிர்காலந்தோறும் அந்த ஊர் வனக்காவலர் பனியாற்றின் கீழ்முனைக்குப் போவார். சிவப்பு அடையாளமிட்ட ஒரு கல்லிலிருந்து பனியின் விளிம்புவரை நாடா பிடித்து அளந்து, பனி எவ்வளவு பின்வாங்கியது என்று கொப்பியில் எழுதுவார். ஒரு வருடம் நாடாவின் மறுநுனியைப் பிடிக்க ஹோட்டலில் ஆள் கேட்டார். குலம் அண்ணைக்கு அன்று லீவு; அவர் போனார். அடுத்த வருடம் வனக்காவலரின் முழங்கால் மடங்க மறுத்தது. நாடா, பெயின்ற் டப்பா, கொப்பி மூன்றும் குலம் அண்ணையின் கைக்கு வந்தன.

பனியாறு என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. “ஆறு எண்டால் ஓடோணும். இவர் எல்லே பின்னுக்குப் போறார்.” பனியை அவர் ‘ஆள்’ என்றே சொல்வார். தொலைபேசியில் நாங்களும் அப்படியே கேட்போம்.

“ஆள் எப்பிடி அண்ணை?”

“மெலிஞ்சிட்டார். வாயில ஒரு குகை. போன வருஷம் மூடிக் கிடந்த பாறை வெளியில வந்திட்டுது. இன்னும் வெயில் படாத நிறம்.”

ஒரு கோடை ஞாயிறு நாங்கள் நால்வர் அவரைப் பார்க்கப் போனோம். அவருக்குச் சமையலறையில் வேலை. தனியாக மேலே ஏறினோம். பனிக்கு முன்னால், உருகிய நீருக்குள், முழங்கால் உயரக் கல் ஒன்று. நெற்றியில் சிவப்புப் பொட்டு. நம்மவர் யாரோ வைரவரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். தண்ணீருக்குள் விட மனம் வரவில்லை. நால்வரும் தூக்கி மேட்டில் வைத்தோம். ஒருவனிடம் கற்பூரம் இருந்தது.

இலையுதிர்காலத்தில் அவர் அழைத்தார்.

“கல்லைத் தூக்கினது நீங்களோ?”

“ஓம் அண்ணை. வைரவர் தண்ணிக்குள்ள நிண்டார். பாவமாக் கிடந்துது.”

“அது வைரவர் இல்லையடாப்பா. அந்தப் பொட்டு நான் அடிச்ச பெயின்ற்.”

கல் நின்ற இடத்தைக் காட்ட அவரோடு ஏறினேன். நீர் எல்லாத் தடத்தையும் அழித்திருந்தது. நான் மூன்று இடங்களைக் காட்டினேன்.

“நீ காட்டுறதைப் பாத்தால் மூண்டு வைரவர் நிண்டிருக்கோணும்.”

“போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ அண்ணை. ஆருக்குத் தெரியப்போகுது?”

“போடலாம். பிறகு வருஷா வருஷம் அந்தப் பொய்யிலயிருந்தெல்லே அளக்கோணும்.”

இறங்கும்போது கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கொப்பியைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்ற பயம். சமையலறைக்கு வெளியே இந்த நாட்டில் அவரை நம்பிக் கொடுத்த ஒரே வேலை அது.

வனக்காவலரின் வீட்டு வாசலில், தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எங்கள் ஆட்கள். கடவுள் என்று நினைத்தார்கள். தூக்கிவிட்டார்கள். “கடவுளா?” என்று வனக்காவலர் இரண்டு முறை கேட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொப்பிக்காகக் கையை நீட்டினார். குலம் அண்ணை இரண்டு கைகளாலும் கொடுத்தார். மனிதர் அந்த வருடத்துக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ஏதோ எழுதி, கொப்பியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் குலம் அண்ணை எனக்கு வாசித்துக் காட்டினார். “‘அளவு இல்லை. கல் நகர்ந்தது. காரணம்: வழிபாடு.’ இனி நாலு தமிழராலயும் தூக்கேலாத பாறையாப் பாத்து அடையாளம் வைக்கட்டாம்.” பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

நேற்று பூம்ப்ளிஸில் ஒரு நண்பர் வீட்டில் மரண அறிவித்தல் எழுதக் கூடினோம். வயது? அவருடைய பத்திரத்தில் இருந்த பிறந்த தேதி, அவரை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த ஏஜென்ட் போட்டது. அதைச் சொல்லிச் சிரிப்பவரும் அவர்தான். உண்மைத் தேதி எங்களில் எவருக்கும் தெரியவில்லை. “வயசு நாப்பத்தெட்டு எண்டு போடுவம், ஆர் கேக்கப்போயினம்?” என்றார் ஒருவர். பேனாவை வாங்கி அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.