பால் புட்டியின் மூன்றாவது கோடு

தொண்ணூறுகளில் நாங்கள் பெருங்களத்தூரில் குடியிருந்தோம். மூன்று மாத மகனுக்குப் புட்டிப்பால்தான். வேளைக்கு நூறு மில்லி குடிப்பான். ஒருநாள் கண்ணாடிப் புட்டி உடைந்துவிட, அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பியிருந்த புதுப் புட்டியை எடுத்தேன். அதில் ஒன்று முதல் எட்டு வரை கோடுகள். கோட்டுக்குப் பத்து மில்லி என்று நானாக நினைத்துக்கொண்டு, எட்டுவரை பால் ஊற்றினேன்.

மூன்று கோடு அளவு குடித்ததும் வாயை இறுக மூடிக்கொண்டான். வெறும் முப்பது மில்லியா? பயந்துபோய் மறுபடி மறுபடி புகட்டினேன். எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

அவனை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். "அழாதக்கா, தோ தாம்பரம் வந்துட்ச்சு" என்றார் டிரைவர்.

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புட்டியை வாங்கித் திருப்பினார்.

"இது அவுன்ஸ்மா. அமெரிக்காவுல அப்படித்தான் அளப்பாங்க. ஒரு கோடே கிட்டத்தட்ட முப்பது மில்லி. மூணு கோட்டுலயே அவனுக்கு வயிறு ரொம்பிடுச்சு."

"அப்போ அவனுக்கு ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

"பையன் நல்லா இருக்கான். நீங்க மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு சிரிப்பும் வந்தது. போதும் என்று அவன் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து பால் கொடுக்கும்போது அவன் முகத்தைத்தான் பார்த்தேன்.