லேசான கேமராவே போதும்

ஈப்போவில் கேமரா கடையில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும்: வாங்க வருகிறவர் படம் எப்படி விழும் என்று கேட்பதற்கு முன்னால், கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளிய உங்களுக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கும்.

தூக்கிப் பார்த்தது

எழுபதுகளின் கடைசியில், தாப்பா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராஜுவும் அவர் மனைவி சரோஜாவும் வந்தார்கள். பிள்ளைகளோடு கேமரன் மலைக்குப் போகவும், வீட்டில் சும்மா எடுக்கவும் ஒரே கேமரா வேண்டுமாம். இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று கொஞ்சம் கனம். ஆனால் அதை மேசையில் வைத்து, விசையைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நாமும் படத்தில் நின்றுகொள்ளலாம். மற்றது சட்டைப்பைக்குள் அடங்கும். அந்த வசதி கிடையாது. சரோஜா இரண்டையும் தூக்கிப் பார்த்தார்.

"படம் புடிக்கப் போறது நான்தானே அண்ணே. லேசானதே போதும்லா."

காலடியில் விழுந்தது

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொல்லியிருந்தேன். முதல் சுருளைக் கழுவினால், தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிற்கும் ராஜு, பிள்ளைகள் காலடியில் எல்லாப் படத்திலும் சரோஜாவின் நிழல், முழங்கையை விரித்துக்கொண்டு. அவருக்கு வெட்கமாகிவிட்டது. நிழல் விழாமல் எப்படித் தள்ளி நிற்பது என்று கடை வாசலுக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டார். அடுத்த சுருளிலிருந்து நிழலே இல்லை. முதல் சுருளைப் பார்த்த அன்று ராஜுவுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்களப் புடிக்கச் சொன்னா, தன்னையும் இழுத்துட்டு வந்துட்டா பாருங்க அண்ணே."

பெரிதாக்கக் கேட்டது

சில வருடம் கழித்து ராஜு தனியாக வந்தார். சரோஜா காய்ச்சலில் போய்விட்டாராம். பை நிறையப் படங்கள் கொண்டுவந்திருந்தார். மலை, திருவிழா, பிள்ளைகளின் பிறந்தநாள். எல்லாம் சரோஜா எடுத்தவை, ஒன்றில்கூட அவர் இல்லை. அடையாள அட்டையில், அந்த ஐ.சி.யில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கித் தரட்டுமா என்றேன். அது காரியத்துக்கே செய்தாகிவிட்டது என்று சொல்லி, முதல் சுருளில் எடுத்த ஒரு படத்தை உருவி, காலடி நிழலைத் தொட்டுக் காட்டினார். இதைத்தான் பெரிதாக்க வேண்டுமாம். மற்ற படங்களிலிருந்து அந்த நிழலைத் துரத்தியது நான்தானே என்று நினைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐ.சி. படத்துல அவ யாரையோ பாக்குறா அண்ணே. இதுலதான் எங்களப் பாத்துக்கிட்டு நிக்கிறா."

அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் தானாக எடுக்கும் விசை வைத்த கனமான கேமராவைத்தான் முதலில் எடுத்து நீட்டினேன். எல்லாரும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, லேசானதையே வாங்கிக்கொண்டு போனார்கள்.