இருபத்தைந்திலிருந்து நாற்பது வரை

பிலோமினா டீச்சர் காலமான செய்தி வந்தபோது, நான் அவருடைய பெயரை ஒரு புத்தக அட்டையிலிருந்து எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடி அச்சகத்தில், கணினித் திரையில் அட்டை திறந்திருந்தது. அதில் இரண்டு பெயர்கள். "மேல உள்ளதை எடுத்துருங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, டீச்சரின் தம்பி அந்தோணி போனில் வந்தார். "சார், அக்கா போயிட்டாவ. காலையில எட்டு மணி இருக்கும்" என்றார். வடிவமைப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எடுத்துரவா சார்?" என்று கேட்டார். எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன்.

உங்களில் பலர் டீச்சரிடம் வேதியியல் படித்தவர்கள். திட்டு வாங்காதவர் யாரும் இருக்கமாட்டார். நான் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தவன். என் திட்டுக் கணக்கு உங்களுடையதைவிடப் பெரியது. ஓய்வுபெற்ற பிறகு இருவரும் சேர்ந்து தமிழில் ஒரு புத்தகம் எழுதினோம். பென்சீன் மூலக்கூறு எப்படிப்பட்ட உருவம் கொண்டது என்று விஞ்ஞானிகள் ஒரு காலத்தில் என்னென்ன நினைத்தார்கள் என்பதுதான் விஷயம். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவற்றை எப்படி அடுக்குவது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையை எழுதப்போன நாங்களும் சண்டையில்தான் முடித்தோம்.

டீச்சரின் சுபாவத்துக்கு ஒரு சம்பவம் போதும். கல்லூரி விழாவுக்கு வந்த ஒரு விருந்தினர், தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டுதான் ஒரு விஞ்ஞானி பென்சீன் வளையத்தைக் கண்டுபிடித்தார் என்று உருக்கமாகப் பேசினார். அரங்கம் கைதட்டியது. டீச்சர் முதல் வரிசையில் எழுந்து நின்றார். "அந்தக் கனவை அவரு எப்பச் சொன்னாரு? கால் நூற்றாண்டு கழிச்சு, அவருக்கே எடுத்த பாராட்டு விழாவுல. சாட்சி யாரு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். விருந்தினர் தண்ணீர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அந்தக் கனவு பிடிக்கும். எங்கள் புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன்.

புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், பதினாறு பக்கம் குறைத்தே ஆகவேண்டும் என்று பதிப்பாளர் சொன்னார். டீச்சருக்கு இதயத்தில் கோளாறு, வீட்டோடு இருந்தார். அவரைக் கேட்காமல் நானே வெட்டினேன். வெட்டியது அவர் எழுதிய 'பட்டகம்' அத்தியாயம். பென்சீன் தட்டையான வளையம் அல்ல, மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம் என நிற்கும் முப்பட்டகம் என்று சொன்ன ஒரு பழைய கொள்கை அது. தவறென்று எப்போதோ தள்ளிவிட்டார்கள். போனால் போகட்டும் என்று நினைத்தேன். அத்தியாயத்தை எடுத்த நான், பக்க எண்களைத் திருத்த மறந்துபோனேன்.

என் ஊர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி, மெய்ப்புத் தாள்களோடு தூத்துக்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்துச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். கட்டிலில் சாய்ந்தபடி தாள்களைப் புரட்டிய டீச்சரின் கை நின்றது.

"இருவத்தி நாலுக்கு அப்புறம் நாப்பத்தொண்ணு எப்படி சார் வந்துச்சு?"

"அது தப்பான கொள்கைதான டீச்சர்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. அந்தோணியைக் கூப்பிட்டு, வலையில் கட்டும் ரப்பர் மிதவைகள் ஆறும் கொஞ்சம் ஈர்க்குச்சியும் கொண்டுவரச் சொன்னார். என் கையாலேயே பட்டகத்தைச் செய்யவைத்தார். ஆறு மூலைக்கும் ஆறு மிதவை, ஒன்பது குச்சி.

"ரெண்டு மிதவையில சிவப்பு நூலைக் கட்டும். எத்தனை விதமா கட்டலாம்னு எண்ணும்."

கட்டினேன். ஒரே முக்கோணத்தின் இரண்டு மூலைகள். மேலும் கீழும் நேருக்கு நேரான இரண்டு மூலைகள். குறுக்கே இரண்டு மூலைகள். மூன்றுதான். பென்சீனில் இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடங்களில் வேறு அணுவைச் சேர்த்தபோது, ஆய்வகத்தில் அந்த நாளில் கிடைத்த சேர்மங்களும் மூன்று வகைதான்.

"இப்ப பாடப்புத்தகத்து அறுகோணத்துல எண்ணும்."

ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு என்றால், அடுத்தடுத்த மூலைகளே இரண்டு விதமாகிவிடுகின்றன. "நாலு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதாக அறுகோணக்காரர் பிறகு சொல்லிச் சமாளித்ததும், பட்டகம் வேறு சோதனைகளில் தோற்றதும், வளையம் தட்டை, ஆறு பிணைப்பும் ஒரே நீளம் என்று பின்னாளில் உறுதியானதும் எனக்குத் தெரியாதவை அல்ல. வருடாவருடம் வகுப்பில் சொன்னவைதான். ஆனால் ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

"தோத்தவன் எந்த இடத்துல தோத்தான்னு சொல்லாம ஜெயிச்சவனை மட்டும் எழுதினா, அது சரித்திரம் இல்ல சார், வாழ்த்து மடல்" என்றார் டீச்சர். "பதினாறு பக்கமும் திரும்ப வரணும். இல்லைன்னா என் பேரை எடுத்துரும்."

அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தோணி முன்னால் மிதவையும் கையுமாக உட்கார்ந்திருந்த அவமானம் எனக்கு. "சரி, பேரையே எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஐந்து வாரம் அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட விசாரிக்கவில்லை. பதிப்பாளர் கெடு வைத்ததும், வீம்புக்கு அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடக்கப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, அந்தோணி ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். "போன வாரமே எடுத்து வச்சாவ. நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ" என்றார்.

அதே மெய்ப்புத் தாள்கள். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. டீச்சர் தாம் எழுதிய அத்தியாயங்களில் இங்கே நாலு வரி, அங்கே ஒரு பத்தி என்று அடித்து அடித்து இடம் பண்ணியிருந்தார். நான் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. பாம்புக் கனவின் ஓரத்தில் மட்டும் சின்ன எழுத்தில், "சாட்சி இல்லை. இருக்கட்டும்" என்று இருந்தது. கடைசித் தாளில், "பதினாறு பக்கம் ஆச்சு. இனி பட்டகத்துக்கு இடம் இருக்கு." அட்டையின் நகலும் உள்ளே இருந்தது. அதில் எந்தப் பெயரும் அடிக்கப்படவில்லை. தெருவென்றும் பாராமல் அழுதேன்.

மறுநாள் அச்சகத்துக்குப் போய், மேலே உள்ள பெயர் அப்படியே இருக்கட்டும் என்றேன். இருபத்தைந்திலிருந்து நாற்பது வரை உள்ள பக்கங்கள் தம் இடத்துக்கு வந்துவிட்டன. புத்தகம் உங்கள் கைக்கு வரும்போது அவற்றை முதலில் படியுங்கள்.

மிதவைப் பட்டகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. சிவப்பு நூலை நான் அவிழ்க்கவில்லை. எழுதியதில் எதையாவது அடிக்கப் போனால் அதைப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணிய பிறகே அடிக்கிறேன். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். அந்த ஐந்து வாரத்தில் எங்கள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடிக்கு எத்தனை பஸ் போயிருக்கும் என்பதை மட்டும் இன்னும் எண்ணவில்லை. எண்ணும் தைரியம் எனக்கு இல்லை.