உள்ளே இருக்கும் அம்மாளும் கைம்பெண்தானே

போன வருடத்துக்கு முந்திய வருடம் வைகாசியில் நடந்தது இது. கல்முனைக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊரில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு. அம்மாளுக்குப் பொங்கும் நெல்லைக் கோயில் முற்றத்தில் பெண்கள்தான் குத்துவோம். கலியாணத்துக்கு முன்னும் பின்னும் நான் அதைத் தவறவிட்டதில்லை. பிறகு என் கணவர் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார். ஒரு வருடம் கழிந்து ஆட்டைத் திவசமும் முடிந்திருந்தது.

குளித்து, மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். உலக்கையில் கை வைத்ததும் எங்கள் தெரு அக்கா ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். என் கலியாணத்துக்கு ஆலாத்தி எடுத்தவர் அவர்.

"நீ தொடாத புள்ள. தள்ளிப் போய் நில்லு. இது மங்கலமான வேலை."

விளையாட்டுக்குச் சொல்லும் பகிடி என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ "மூதேவி" என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. அதுவரை வரப்பார்த்த அழுகை அந்தச் சொல்லோடு நின்றுவிட்டது.

"அக்கா, உள்ளுக்கு இருக்கிற அம்மாள் ஆரு? புருஷனைப் பறிகுடுத்துட்டு மதுரையை எரிச்சவதானே? அவவையும் தள்ளி நிக்கச் சொல்லுவீங்களா?" என்று கத்தினேன்.

"அம்மாளும் நீயும் ஒண்டா? வாயைக் கழுவு!"

"ஓம், ஒண்டுதான்! அவவுக்குப் பட்டு, எனக்கு மூதேவிப் பட்டமா?"

பூசகர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். என் கணவரின் தங்கை மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் உலக்கையை என் கையில் தந்தாள்.

"குத்துங்க மச்சாள். நான் நெல்லுப் போடுறன்."

வாங்கிக் குத்தினேன். நாலைந்து பெண்கள் எழும்பிப் போனார்கள். நான் குத்திய அரிசியைத் தனியாக ஒரு சுளகில் வாங்கினார்கள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் அந்த அரிசி கோயில் கிணற்றடியில் கொட்டிக் கிடந்தது. கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. எனக்கு நெல்லுப் போட்ட மச்சாள் அழுதாள். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போதும் வைகாசிக்கு வைகாசி போகிறேன். தடுப்பவர்கள் தடுக்கிறார்கள், நானும் உலக்கையை விடுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாளிடம் நான் வரம் எதுவும் கேட்பதில்லை. நீ கோபப்பட்டது சரிதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.