கவுரி மரத்தைச் சுற்றி வந்தது

மகளின் வகுப்பை ஒரு நாள் சேவைப் பயணமாக ஆக்லாந்தின் மேற்கே உள்ள காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் அங்கே களையாகப் பரவிய காட்டு இஞ்சிச் செடிகளைப் பிடுங்க வேண்டும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அந்தக் காட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் படிக்க வேண்டும். களை பிடுங்கக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லையாக்கும் என்று வீட்டில் முணுமுணுத்தேன். ஆனாலும் துணைக்குப் போனேன். ஐந்து பிள்ளைகள் என் பொறுப்பில். அந்தக் குழுவுக்குத் தலைவி என் மகள், பன்னிரண்டு வயது.

காலை முழுக்க வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் களை பிடுங்கினோம். மழை ஈரம். என் துணிச் சப்பாத்துக்குள் சேறு புகுந்து காலுறை ஊறிப்போயிற்று. பிறகு வழிகாட்டி வந்தார். மாவோரிப் பெண், என் வயதுதான் இருக்கும். காட்டு வாசலில் நின்று தங்கள் மொழியில் ஒரு வேண்டுதல் சொன்னார். கவுரி என்ற அந்தக் காட்டின் ராட்சத மரங்கள் தங்களுக்கு மூதாதையர் என்றார். அவற்றை ஒரு நோய் கொல்கிறது, அது மண்ணில் இருக்கிறது, சப்பாத்தில் ஒட்டிய ஒரு சிட்டிகைச் சேறு போதும் என்றார். மருந்து கிடையாது. நோய் பிடித்தது தெரியவே பல வருடங்கள் ஆகலாம். பலகைப் பாதையை விட்டு யாரும் இறங்க வேண்டாம் என்றார். எல்லோரும் சப்பாத்தின் அடிப்பாகத்தைத் தேய்த்து, கிருமிநாசினி தெளித்து உள்ளே போனோம்.

காட்டுக்குள் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வழியில் செத்த மரம் ஒன்று இலையே இல்லாமல் வெள்ளையாக நின்றது. அதன் அடியில் பிசின் வடிந்து இறுகியிருந்தது. பிள்ளைகள் அதை விட்டு ஒதுங்கி நடந்தார்கள். வழிகாட்டியும் மற்றவர்களும் முன்னே போக, நானும் மகளும் கடைசியில் வந்தோம். அப்போதுதான் அந்தப் பெரிய மரத்தைக் கண்டேன். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

பெரிய மரத்தைக் கண்டால் கும்பிடாமல் எனக்குக் கால் நகராது. மூதாதை என்று வேறு சொல்லிவிட்டார்கள். சப்பாத்தோடு கிட்டப் போவதா? சப்பாத்தையும் ஈரக் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டுப் பலகைப் பாதையிலிருந்து இறங்கினேன்.

"அம்மா, வேண்டாம்," என்றாள் மகள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் அதைத் தமிழில் சொன்னாள்.

"கும்பிட்டா என்ன குறைஞ்சு போகும்? பேசாமல் நில்லு பிள்ளை."

மூன்று முறை சுற்றினேன். மண் மெத்தென்று இருந்தது. மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாதையில் ஏறியபோதுதான் என் கால்களைப் பார்த்தேன். காலையில் சப்பாத்துக்குள் புகுந்த சாம்பல் நிறச் சேறு கணுக்காலில் மட்டும் மிச்சமிருந்தது. பாதத்தில் இருந்ததெல்லாம் காட்டின் கறுப்பு மண். வெளிச்சேறு எங்கே போயிற்று என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்ததும் வாசலில் வழிகாட்டி ஒவ்வொரு குழுத் தலைவரிடமும், யாராவது பாதையை விட்டு இறங்கினீர்களா என்று கேட்டார். ஏச மாட்டேன், தெரிந்தால் போதும் என்றார். நான் குனிந்து சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்தது சுத்தமாகியும் தேய்த்தேன். எங்கள் முறை வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நோ," என்றாள்.

அந்த வருடக் கடைசியில், அந்த நிலத்துக்குரிய மாவோரி மக்கள் நோய் பரவாமலிருக்கக் காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று தடை விதித்தார்கள். செய்தியில் வெள்ளை மரங்களைக் காட்டினார்கள். நோய் முன்பே எல்லா இடமும் இருந்ததுதானே என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். யாருக்குச் சொன்னேனோ! மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அவள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஒரு வாரம்தான் என்னால் தாங்க முடிந்தது.

பள்ளிக்கூடக் கடிதத்தில் வழிகாட்டியின் எண் இருந்தது. மகளைப் பக்கத்தில் நிற்க வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பாதையை விட்டுக் கொஞ்சம் இறங்கிவிட்டேன், ஒரு மரத்தைத் தொட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. எந்த மரம் என்று மட்டும் கேட்டார், மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். பெரிய மரம் என்றேன். அங்கே எல்லாமே பெரிய மரங்கள்தான் என்றார்.

தெய்வமென்று கும்பிட்ட மரம். அது எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். இரண்டாவது பாலம் தாண்டி இடப்பக்கம், மூன்றாவது கவுரி என்று ஆங்கிலத்தில் நிறுத்தாமல் சொன்னாள். அம்மா தொட்டது மட்டுமில்லை, வெறுங்காலோடு மூன்று சுற்றுச் சுற்றினா, காலில் சேறு இருந்தது என்றாள். கடைசியாக, அன்று இல்லை என்று சொன்னது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் பக்கத்தில் நின்று, என் பிள்ளை எனக்காகச் சொன்ன பொய்க்கு அவளே மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.